ஹாரன் வைத்த பைப்பெட்

எங்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பு எடுத்த ஆசிரியர், முதல் நாளே பாதுகாப்பு விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டார். ஆய்வகத்துக்குள் எதையும் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது. நகம் கடிக்கக் கூடாது, பேனா மூடியைக் கடிக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் சடையை முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்பிரிட் விளக்குப் பக்கம் குனியக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் எழுதி முடித்து, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, மேசைமேல் இருந்த சாக்கடைத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். நீளமான ஒரு கண்ணாடிக் குழாயை அதற்குள் விட்டார். குழாயின் மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார்.

யாரும் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் கரும்பலகையில் 'எதையும் குடிக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான் மட்டும் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த வியாதி உண்டு. ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்கிறவர்களைக் கண்டால் வாயை அடக்கிக்கொள்ள முடியாது. அன்றைக்கு முதல் நாள் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அந்தக் குழாய்க்குப் பெயர் பைப்பெட். மேலே கோடு போட்டு அளவு குறித்திருக்கும். ஒரு மில்லி தண்ணீரை அளந்து எடுக்க வேண்டுமானால் கோடு வரைக்கும் உறிஞ்சி, வாயை எடுத்த வேகத்தில் ஆள்காட்டி விரலால் மேல் துளையை அடைக்க வேண்டும். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் சொட்டுச் சொட்டாக இறங்கும். துளைக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்திருப்பார்கள், தண்ணீர் வாய்க்கு வராமல் தடுக்க. எண்பதுகளின் கடைசியில் நாங்கள் படித்தபோது தருமபுரியில் எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள். எங்கள் ஆசிரியர் அதில் மகா கெட்டிக்காரர். பஞ்சு நனைந்து பல தடவை அவர் வாய்க்குள் போயிருக்கிறது. அதைப் பற்றி அவருக்கு வெட்கம் கிடையாது. பெருமைதான். நாக்கில் பட்டதை வைத்தே இது காரிமங்கலம் ஏரித் தண்ணீர், இது கம்பைநல்லூர் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன் என்பார். உறிஞ்சத் தெரியாதவர்கள் இந்தப் பாடத்துக்கு லாயக்கில்லை என்றும் சொல்வார்.

எனக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று மறுநாள் காலையில் தட்டைத் திறந்து நிரூபிப்பது எனக்குப் பிடித்திருந்தது. தட்டில் ஊற்றுகிற அகார் என்ற பொருளை முதன்முதலில் பார்த்தபோது மட்டும் கொஞ்சம் குழம்பிப் போனேன். வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, சூடு கொஞ்சம் தணிந்ததும் தட்டில் ஊற்றினார்கள். அது உறைந்து ஆடியது. எங்கள் வீட்டில் நோன்பு மாதத்தில் அம்மா செய்யும் கடல்பாசி அப்படியேதான் இருக்கும். அம்மா பாலும் சர்க்கரையும் ரோஸ் எசன்சும் போடுவாள். ஆய்வகத்தில் அதற்குப் பதிலாக மாட்டிறைச்சிச் சாற்றைப் போட்டார்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். கறிச் சாற்றில் யாராவது கடல்பாசி செய்வார்களா, உங்கள் கல்லூரியில் சமைக்கத் தெரிந்த ஒரு பொம்பளை இல்லையா என்று கேட்டாள். கிருமிகளுக்காகச் செய்வது என்றேன். கிருமிக்கு மட்டும் நாக்கு இல்லையா என்றாள்.

இரண்டாம் ஆண்டுத் தேர்வு நெருங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. செய்முறைத் தேர்வு ரமலான் மாதத்துக்கு நடுவில் வந்து விழுந்தது. சித்திரை வெயில் வேறு.

நோன்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கினாலும் நோன்பு முறிந்துவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். தெரியாமல் இறங்கினாலும் அப்படித்தான். வாய் கொப்பளிக்கும்போதே பயந்து பயந்து கொப்பளிப்போம். அப்படியிருக்க, ஒரு குழாயை வாயில் வைத்துச் சாக்கடைத் தண்ணீரை உறிஞ்சுவதா? பஞ்சு தடுக்கும் என்றார் ஆசிரியர். அந்தப் பஞ்சின் லட்சணத்தை அவர் வாயிலேயே பார்த்திருந்தேன். மற்ற மாதங்களில் நானும் உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தேன். சர்க்கரை ஆலைக் கழிவுத் தண்ணீர் ஒரு தடவை என் தொண்டை வரைக்கும் வந்துபோயிருக்கிறது. நோன்பில் அது நடக்கக் கூடாது.

அம்மா சுலபமான வழி சொன்னாள். தேர்வு நாளில் நோன்பை விட்டுவிட்டு, பிறகு ஒரு நாள் களா நோன்பு பிடித்துக் கணக்கைச் சரிக்கட்டிவிடலாம் என்றாள். அது நடக்காத காரியம் என்று அவளுக்கே தெரியும். வீட்டில் பெரியத்தா இருந்தார்.

பெரியத்தா என் அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன். ஒரே வீடு, ஒரே உலை. அத்தா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நான் கல்லூரிக்குப் போவதற்கே அவர் ஒரு நிபந்தனையோடுதான் தலையசைத்திருந்தார். எந்தப் பரீட்சையிலாவது தவறினால் அன்றோடு படிப்பு முடிந்தது. தேர்வு நோன்பு மாதத்தில் வருகிறது என்று கேள்விப்பட்டதும் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"படிப்புக்காக நோம்ப வுடற புள்ள, நாளைக்கு எத வேணா வுடும். அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா எனக்கு வேற காரணமே வேணாம்."

ஆக, உறிஞ்சினால் நோன்பு போகும். உறிஞ்சாவிட்டால் தேர்வு போகும். எது போனாலும் படிப்பு போகும். அன்று ராத்திரி எனக்குக் கோபத்தில் கஞ்சிகூட இறங்கவில்லை. யார்மேல் கோபம் என்று சொல்லத் தெரியவில்லை. பெரியத்தா மேலும்தான், பைப்பெட்டைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரன் மேலும்தான்.

வாய்க்குப் பதிலாக வேறு எதையாவது வைத்து உறிஞ்ச முடியுமா என்று பார்க்க ஆரம்பித்தேன். பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரின் ரப்பரைப் பிடுங்கி மாட்டினேன். அது பாதி வழி இழுத்துவிட்டு மூச்சுவிட்டது. தெருமுனை கம்பவுண்டரிடம் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பழைய பந்தை வாங்கி வந்தேன். அது ஊதுமே தவிர உறிஞ்சாது என்று எனக்குத் தெரியாது. ஆய்வகத்தில் அதை மாட்டி அமுக்கியதும் சோதனைக் குழாயில் இருந்த குளத்துத் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி ஆசிரியரின் சட்டைப் பையில் இறங்கியது. அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே, தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளரிடம் இந்த வித்தையெல்லாம் காட்டாதே, அவர் ரொம்பக் கறாரான ஆள் என்று எச்சரித்தார். இதற்கெல்லாம் தன்னிடம் அனுமதி கேட்காதே, கேட்டால் மறுக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். அது அனுமதியா மறுப்பா என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

கடைசியில் அத்தாவிடம்தான் போய் நின்றேன். அத்தா தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாரிக்கும் சைக்கிளுக்கும் உதிரி சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். கூரையிலிருந்து செயின்களும் டியூப்களும் தொங்கும். கடைக்குள் எப்போதும் கிரீஸ் வாசனைதான். நான் என்ன படிக்கிறேன் என்று அத்தாவுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூச்சம். ஆனால் காற்று எப்படி ஒரு குழாய்க்குள் போகும், எப்படி நிற்கும் என்பது அவருக்கு மனப்பாடம். நான் பைப்பெட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் ஒரு ஹாரனோடு வந்தார்.

பழைய பஸ்களிலும் லாரிகளிலும் டிரைவர் பக்கத்தில் தொங்குமே, கறுப்பு ரப்பர் பந்தை அமுக்கினால் பாம் என்று கத்துமே, அந்த ஹாரன். பித்தளைப் புனலைக் கழற்றி ஓரமாக வைத்தார். பந்தின் கழுத்தில் ஒரு முழ நீள ரப்பர் குழாயைச் செருகி, அதன் நுனியை பைப்பெட்டில் மாட்டினார். துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றைக் குழாயின் நடுவில் போட்டார். முதலில் பந்தை அமுக்க வேண்டும். அமுக்கியபடியே குழாயை பைப்பெட்டில் மாட்டி, பந்தை மெல்ல விட்டால் தண்ணீர் ஏறும். கோட்டுக்கு வந்ததும் கிளிப்பைக் கவ்வவிட்டால் அப்படியே நிற்கும். டீ கிளாஸ் தண்ணீரில் செய்து பார்த்தோம். ஒரு சொட்டு பிசகாமல் கோட்டில் நின்றது. எனக்கு அத்தாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கடையில் ஆட்கள் இருந்ததால் சும்மா நின்றேன்.

ஒரே ஒரு குறை. பந்தை அமுக்கும்போது அது கத்தியது. புனல் இல்லாததால் கம்பீரம் போய்விட்டது, வயிறு உப்பிய எருமை போலக் கத்தியது. ஆனால் சத்தத்துக்குக் குறைச்சல் இல்லை. பந்தின் கழுத்துக்குள் ஒரு பித்தளை நாக்கு இருக்கும். காற்று அதன் வழியாகப் போகும்போது அதுதான் கத்துகிறது. அதை எடுத்துவிடுங்கள் அத்தா என்றேன்.

"எடுத்தா கழுத்து லூசாயிடும்மா. காத்து நிக்காது," என்றார் அத்தா, என் முகத்தைப் பார்க்காமல்.

உதிரி சாமான் விஷயத்தில் அத்தா சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. நாக்கோடு வாங்கிக்கொண்டேன்.

தேர்வு நாள் வந்தது. சோதனைக்கான தண்ணீரை ஆசிரியர் அதிகாலையிலேயே பாலக்கோடு போய்க் கொண்டு வந்திருந்தார். தக்காளி மண்டியின் பின்பக்கம் ஓடும் கால்வாயில் பிடித்தது. அழுகிய தக்காளி கரைந்து சிவப்பாக இருந்தது. ஊறுகாய் பாட்டிலில் அடைத்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, கண்டக்டர் ரசமா சார் என்று கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் இறக்கிவிட்டிருப்பார் என்றார் ஆசிரியர்.

வெளித் தேர்வாளர் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைக் காலரில் அழுக்குப் படாமல் கைக்குட்டையைச் சுற்றி வைத்திருந்தார். கண்ணாடிக்கு மேலே பார்த்துத்தான் பேசுவார். தண்ணீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியிலிருந்தும் அகார் தட்டில் ஊற்றி, மறுநாள் முளைத்த கிருமிப் புள்ளிகளை எண்ண வேண்டும். இதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. ஒரு மில்லி எடுத்து ஒன்பது மில்லி சுத்தத் தண்ணீரில் கலந்தால் பத்தில் ஒரு பங்கு. அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து அடுத்த குழாயில் விட்டால் நூறில் ஒரு பங்கு. இப்படியே வரிசையாகப் போகும். ஒவ்வொரு படிக்கும் புது பைப்பெட், ஒவ்வொரு படிக்கும் ஒரு உறிஞ்சல்.

எல்லாரும் பைப்பெட்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் பையிலிருந்து ஹாரனை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

தேர்வாளர் வந்தார். ஹாரனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இது என்ன என்று என்னைக் கேட்கவில்லை, எங்கள் ஆசிரியரைக் கேட்டார். ஆசிரியர் கூரையைப் பார்த்தார். நானே சொன்னேன். நோன்பு வைத்திருக்கிறேன், வாய் வழியாகத் தண்ணீர் இறங்கினால் நோன்பு போய்விடும், அதனால் இது என்று. என் குரல் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

அவருக்குக் கோபம் வரவில்லை. அது இன்னும் மோசம். இரக்கம் வந்துவிட்டது. ஒழுங்காகச் செய்தால் ஒரு சொட்டுக்கூட வாய்க்கு வராதம்மா, எத்தனையோ வருடமாகச் செய்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு வந்ததில்லை, பார் என்றார். என் மேசையிலிருந்த பைப்பெட்டை எடுத்துக் கால்வாய்த் தண்ணீருக்குள் விட்டார். உதட்டில் வைத்தார். உறிஞ்ச ஆரம்பித்தார். சிவப்புத் தண்ணீர் கோட்டை நோக்கி நிதானமாக ஏறியது. நிஜமாகவே அழகாகச் செய்தார், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஆசிரியர் அதைக் கிட்டேயிருந்து பார்க்க ஆசைப்பட்டு முன்னால் சாய்ந்தார். சாய்ந்தவர் கையை மேசைமேல் ஊன்றினார். கை மேசைமேல் படவில்லை. ஹாரன் மேல் பட்டது.

அந்தச் சத்தத்துக்கு ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்துபோயின. தேர்வாளர் தூக்கிவாரிப் போட்டதில் ஒரே இழுப்பாக இழுத்தார். பைப்பெட் காலியாக இருந்தது. பஞ்சையும் காணவில்லை.

அவர் வாயை மூடியபடி நின்றார். பிறகு மெதுவாக, அது எங்கே எடுத்த தண்ணீர் என்று ஆசிரியரைக் கேட்டார். பாலக்கோடு மண்டிக் கால்வாய் என்றார் ஆசிரியர். எந்தப் பக்கம் என்று கேட்டார். பின்பக்கம் என்றார். தேர்வாளர் வெளியே ஓடினார்.

அவர் திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது. வெளியே குழாயடியில் அவர் கொப்பளிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் வேலையைத் தொடவில்லை. பக்கத்து மேசைப் பெண் என்னைப் பார்த்த பார்வையில், நீ பாஸான மாதிரிதான் என்ற கேலி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டை காய்ந்திருந்தது, வெயிலில் தலை சுற்றியது. ஹாரனை அமுக்கியது நான் இல்லை, ஆனால் கொண்டுவந்தது நான்தானே. அவர் கோபத்தில் என்னை வெளியே அனுப்பிவிட்டால் பெரியத்தாவிடம் என்னவென்று சொல்வது? சாக்கடைத் தண்ணீரைக் குடித்தது தேர்வாளர், படிப்பு நின்றது எனக்கு என்றா? அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அந்த ஹாரனையும் வெறுத்தேன், அந்த நாக்கை எடுக்காத அத்தாவையும் வெறுத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் கண்ணீர் உதட்டில் படும், அது வேறு வம்பு என்று அடக்கிக்கொண்டேன்.

தேர்வாளர் வந்தார். காலர் கைக்குட்டை இப்போது வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. வாயில் கிராம்பு மென்றுகொண்டிருந்தார். நேராக என் மேசைக்கு வந்தார்.

"அந்த ஹாரன வச்சே செய்யும்மா," என்றார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அது அமுக்கறப்ப ஒருத்தர் வாயிலயும் பைப்பெட் இருக்கக் கூடாது. எல்லாரும் வெளிய எடுத்துடணும்."

அப்புறம் நடந்தது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத செய்முறைத் தேர்வு. நான் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்குவேன். ஆசிரியர், எல்லாரும் எடுங்க என்று குரல் கொடுப்பார். வகுப்பு மொத்தமும் வாயிலிருந்து பைப்பெட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். நான் அமுக்குவேன். அது கத்தும். தண்ணீர் கோட்டில் வந்து நின்றதும் கையை இறக்குவேன். எல்லாரும் மறுபடியும் வாயில் வைத்துக்கொள்வார்கள். முதலில் சிரித்தவர்கள் போகப் போக அலுத்துப்போய்ப் பல்லைக் கடித்தார்கள். அவசரப்பட்டு இரண்டு பேர் கோட்டைத் தாண்டி உறிஞ்சித் துப்பினார்கள். நான் மட்டும் நிதானமாகச் செய்தேன். எனக்காக ஊரே காத்திருக்கும்போது எனக்கு என்ன அவசரம்?

தட்டுகளில் அகார் ஊற்றி முடித்ததும் வாய்மொழித் தேர்வு. ஆய்வகப் பாதுகாப்பில் முக்கியமான விதி எது என்று தேர்வாளர் கேட்டார். வாயில் எதையும் வைக்கக் கூடாது சார் என்றேன். அவர் கிராம்பைக் கன்னத்தின் அந்தப் பக்கத்துக்கு ஒதுக்கினார். நோன்பு முடிந்த பிறகு எப்படிச் செய்வாய் என்று கேட்டார். இதே ஹாரன்தாங்க சார் என்றேன். குறித்துக்கொண்டார். என்ன குறித்தார் என்று தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி எங்கள் வகுப்பில் நோன்பு இல்லாதவர்களும் கையேந்தி துஆ கேட்டிருப்பார்கள். தேர்வாளர் ஊரிலேயே லாட்ஜில் தங்கியிருந்தார். அவருக்கு வயிறு கெட்டுவிட்டால் தேர்வை மறுபடியும் வைப்பார்கள், எல்லாருடைய சாபமும் எனக்கு வந்து சேரும். மறுநாள் காலையில் கல்லூரி வாசலில் கூட்டமாக நின்று ரோட்டைப் பார்த்தோம். அவர் வெளிறிப்போய், ஆனால் தம் காலாலேயே நடந்து வந்தார். தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டேன் என்று ஆசிரியரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. அவருடைய வயிற்றுக்காக நான் சந்தோஷப்பட்டதுபோல என் வயிற்றுக்காகக்கூடப் பட்டதில்லை.

தட்டுகளைத் திறந்தோம். என்னுடையவற்றில் முதல் தட்டு முழுக்கப் புள்ளிகள், எண்ணவே முடியாது. அடுத்தது கொஞ்சம் தெளிந்திருந்தது. அதற்கடுத்தது இன்னும் குறைவு. கடைசித் தட்டில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தன. படிப்படியாக, நான் நீர்க்கச் செய்த கணக்குக்கு ஏற்ற மாதிரி. தேர்வாளர் அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அந்தப் புள்ளிகள் வளர்ந்த அதே தண்ணீர் அவருக்குள்ளும் இருந்ததை நினைத்தாரோ என்னவோ, தட்டைச் சீக்கிரம் கீழே வைத்துவிட்டார். நல்லா வந்திருக்கு என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்த ஹாரன் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.

சாயங்காலம் நானே அவரை அத்தாவின் கடைக்குக் கூட்டிப்போனேன். பெரியத்தாவும் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தேர்வாளர் அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக வணக்கம் வைத்து, உங்கள் வீட்டுப் பெண் நன்றாகச் செய்திருக்கிறாள், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். பெரியத்தா எழுந்து ஸ்டூலை அவருக்குக் கொடுத்தார். தமக்கும் அதே போல ஒன்று வேண்டும், ஆனால் சத்தம் மட்டும் ஆகாது என்று கேட்டுக்கொண்டார் தேர்வாளர். அதைச் சொல்லும்போது வயிற்றைத் தடவிக்கொண்டார்.

அத்தா ஒரு புது ஹாரனை எடுத்தார். புனலைக் கழற்றினார். குறடு ஒன்றைப் பந்தின் கழுத்துக்குள் விட்டு, ஒரு திருகு திருகி, பித்தளை நாக்கைப் பிடுங்கி எடுத்து ஒரு தகரத் தட்டில் போட்டார். கண் மூடித் திறக்கிற நேரம்கூட ஆகவில்லை. கழுத்தில் ரப்பர் குழாயைச் செருகி அமுக்கிக் காட்டினார். காற்று மட்டும் புஸ்ஸென்று போனது. கழுத்து லூசாகவில்லை. ஒன்றும் ஆகவில்லை. தேர்வாளர் அதைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸுக்குப் போனார்.

நான் அந்தத் தட்டில் கிடந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் சூடாக ஏறியது. வகுப்பே சிரித்தது, ஒரு மனிதர் சாக்கடையைக் குடித்தது, நான் மூச்சு நின்றதுபோல நின்றது, எல்லாம் இந்தத் துண்டுப் பித்தளையால். பெரியத்தா இருக்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. என்னிடம் ஏன் பொய் சொன்னீர்கள் அத்தா என்று கேட்டுவிட்டேன்.

அத்தா கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நீ அங்க உள்ளாற என்னா பண்றேன்னு எனக்கு வேற எப்படிம்மா தெரியும்?" என்றார். "நேத்து காலைல கடையச் சாத்திட்டு வந்து காலேஜு செவுத்துக்கு அந்தாண்ட வேப்ப மரத்துக்கீழதான் நின்னுக்கினு இருந்தேன். சத்தம் வர வர, சரி, புள்ள வேல செய்யுதுன்னு நெனச்சிக்கினேன்."

இரண்டு வருடமாக நான் என்ன படிக்கிறேன் என்று ஒரு வார்த்தை கேட்காத மனிதர், நோன்போடு, உச்சி வெயிலில், சுவருக்கு வெளியே நின்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவரை வெறுத்த அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்மேல் எனக்கு இருந்த பிரியம் எவ்வளவு என்று அந்தக் கடைக்குள் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

மூன்று பேருமாக வீட்டுக்கு நடந்தோம். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறந்தோம். அம்மா கஞ்சி ஊற்றினாள், கடல்பாசித் தட்டை நடுவில் வைத்தாள். கறிச்சாறு போடாதது என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பெரியத்தா கஞ்சியை முழுக்கக் குடித்து முடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நேத்து முதல்ல ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே காணோம்," என்றார். "உங்கத்தாவாச்சும் மரத்துல சாஞ்சிக்கினு நின்னான். எனக்குத்தான் காலு நிக்கல. செவுரு ஏறிப் பாக்கலாமான்னு இருந்துச்சு."

நான் அவருடைய கிண்ணத்தை எடுத்து இன்னொரு அகப்பை கஞ்சி ஊற்றினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த வருடத் தேர்விலும் அந்த நாக்கை நான் எடுக்கவில்லை.